ஜெயித்தாலும் முதலிடம் போகும்!

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓட்டுச் சீட்டு செய்யும் வேலை

விளையாட்டில் தோற்றவர் இறங்குவார், ஜெயித்தவர் ஏறுவார். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். ஆனால் ஜெயித்த அணியைப் பார்த்து, "ஜெயித்தது சரி, இவ்வளவு குறைவாக ஜெயித்தது ஏன்?" என்று கேட்டு அதன் இடத்தைப் பறிக்கும் விளையாட்டும் ஒன்று இருக்கிறது. அதுதான் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து.

1994-ம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழக அணி 12 ஆட்டங்கள் ஆடியது. "பென் ஸ்டேட்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பன்னிரண்டிலும் வெற்றி. ஒரு தோல்வி கிடையாது. ஒரு டிரா கூடக் கிடையாது. ஆனாலும் சாம்பியன் பட்டம் அதற்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது எதிரணி அல்ல, ஓட்டுச் சீட்டு!

இது எப்படி நடந்தது? இதைப் புரிந்துகொள்ள முதலில் ஆட்டத்தையும், பிறகு ஓட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது வேறு கால்பந்து

கால்பந்து என்றதும் நம் ஊர் மைதானத்தில் உதைக்கும் உருண்டைப் பந்தை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கர்கள் அதற்கு "சாக்கர்" என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கால்பந்து என்று சொல்வது, இரு முனையும் கூரான முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியும், தூர எறிந்தும் ஆடும் முரட்டு ஆட்டம். தலையில் கவசம், தோளில் திண்டு. பக்கத்துக்கு 11 பேர். 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். ஆக 60 நிமிடம்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது "டச் டவுன்". அதற்கு 6 பாயிண்டு. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் 1 பாயிண்டு கூடும். உதைக்காமல், இன்னொரு முறை கோட்டைத் தாண்டிக் காட்டினால் 2 பாயிண்டு. டச் டவுனுக்கு வழியில்லாதபோது தூரத்திலிருந்தே உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 பாயிண்டு.

ஆகவே 7 பாயிண்டு வித்தியாசம் என்றால் ஒரே ஒரு டச் டவுன் வித்தியாசம். மயிரிழையில் தப்பிய வெற்றி என்று பொருள். 30, 40 பாயிண்டு வித்தியாசம் என்றால் எதிரணியைத் துவைத்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள்தான். ஆனால் ஆட்டத்துக்குக் கூடும் கூட்டம் சாதாரணமானதல்ல. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானங்கள் சில பல்கலைக் கழகங்களுக்குச் சொந்தமாகவே இருக்கின்றன.

ஏன் இந்த ஓட்டு?

நம் ஊர் லீக் பந்தயத்தில் எல்லா அணியும் எல்லா அணியுடனும் மோதும். வெற்றிக்கு இத்தனை, டிராவுக்கு இத்தனை என்று பாயிண்டு கூட்டினால் முதல்வன் யார் என்று தெரிந்துவிடும். ஒரு கோலில் ஜெயித்தாலும் வெற்றிதான், ஐந்து கோலில் ஜெயித்தாலும் வெற்றிதான். இருவர் சமமாக நின்றால்தான் கோல் கணக்கைப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் அது முடியாது. இன்று முதல் தரப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக் கழக அணிகள் உள்ளன. ஓர் அணி வருஷத்துக்கு ஆடுவது சுமார் 12 ஆட்டங்கள். வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் சனிக்கிழமை. கிழக்கே ஓர் அணி எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருக்கும். மேற்கே இன்னோர் அணியும் எல்லாவற்றிலும் ஜெயித்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே இராது.

இதில் யார் பெரியவர்? கேட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள். "அசோசியேட்டட் பிரஸ்" செய்தி ஸ்தாபனத்தின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கோல்ட், 1936-ல் நாடெங்கும் உள்ள விளையாட்டு நிருபர்களிடம் வாராவாரம் ஓட்டு வாங்கித் தர வரிசைப் பட்டியல் வெளியிடத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவே ஜனங்கள் பேசிக்கொள்ள ஒரு விஷயம் வேண்டும் என்பதே அவருடைய யோசனை. அவர் நினைத்ததற்கு மேலாகவே பேச்சு வளர்ந்தது. பேச்சுக்காகப் பிறந்த பட்டியல், நாளடைவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பட்டியலாகிவிட்டது.

முதல் வருஷமே சர்ச்சை. மின்னசோட்டா ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றது. தோற்கடித்தது நார்த்வெஸ்டர்ன். நார்த்வெஸ்டர்னும் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. ஆனால் மின்னசோட்டாவுக்கு முதலிடம். நார்த்வெஸ்டர்னுக்கு ஏழாவது இடம்!

1950-ல் "யுனைடெட் பிரஸ்" ஸ்தாபனம் போட்டிக்கு இறங்கியது. நிருபர்களுக்குப் பதிலாகப் பயிற்சியாளர்களிடமே ஓட்டு வாங்கியது. அதனால் சில வருஷங்களில் நிருபர்களின் சாம்பியன் ஒருவர், பயிற்சியாளர்களின் சாம்பியன் வேறொருவர் என்று நாட்டுக்கு இரண்டு சாம்பியன்கள் வந்தார்கள்.

கணக்கு எப்படி?

இன்றைய முறைப்படி நிருபர் பட்டியலில் 60-க்குச் சற்று மேற்பட்டவர்கள் ஓட்டளிக்கிறார்கள். ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசையாக எழுதித் தர வேண்டும். முதல் இடத்துக்கு 25 பாயிண்டு, இரண்டாவதுக்கு 24. இப்படியே இறங்கி 25-வது இடத்துக்கு 1 பாயிண்டு. எல்லோருடைய சீட்டையும் கூட்டினால் பட்டியல் தயார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டளிப்பவர் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். "அ" அணிக்கு 35 பேர் முதலிடம் தருகிறார்கள். மற்ற 25 பேர் இரண்டாம் இடம் தருகிறார்கள். மொத்தம் 1,475 பாயிண்டு. "ஆ" அணிக்கு 25 பேர் முதலிடம், 35 பேர் இரண்டாம் இடம். மொத்தம் 1,465. பத்து பாயிண்டில் "அ" முந்தி நிற்கிறது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு அணிகளும் ஜெயிக்கின்றன. ஆனால் "அ" ஓர் எளிய எதிரியிடம் திணறி, 3 பாயிண்டில் ஜெயிக்கிறது. "ஆ" 40 பாயிண்டில் ஜெயிக்கிறது. உடனே ஆறே ஆறு பேர் மனம் மாறி இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் போதும். "அ" அணிக்கு 1,469. "ஆ" அணிக்கு 1,471. முதலிடம் கை மாறிவிட்டது. 54 பேர் பழைய சீட்டையே திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஜெயித்தவன் இறங்கிவிட்டான்.

அந்த ஆறு பேர் ஏன் மாறினார்கள்? எல்லா ஆட்டத்தையும் யாராலும் பார்க்க முடியாது. ஒரே சனிக்கிழமையில் ஐம்பது, அறுபது ஆட்டம் நடக்கும். தங்கள் ஊர் ஆட்டத்துக்குச் செய்தி எழுதுகிற நிருபர், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மற்ற ஊர் முடிவுகளைப் புரட்டிப் பார்த்துச் சீட்டை நிரப்புகிறார். அவர் கண்ணில் முதலில் படுவது இரண்டு எண்கள்தான். அந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது எண்ணில் தெரியாது.

இண்டியானா ஆட்டத்தில் நடந்தது

1994 அக்டோபரில் பென் ஸ்டேட் முதலிடத்தில் இருந்தது. அக்டோபர் 29-ந் தேதி பலம் வாய்ந்த ஒஹையோ மாநில அணியை 63-14 என்று நொறுக்கியது. ஆனால் அதே நாளில் நெப்ராஸ்கா அணி, தோல்வியே காணாதிருந்த கொலராடோவை 24-7 என்று வென்றது. நிருபர்கள் நெப்ராஸ்காவை முதலிடத்துக்கு ஏற்றினார்கள். பயிற்சியாளர் பட்டியலில் மட்டும் பென் ஸ்டேட் தலைமை இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம், நவம்பர் 5. எதிரி இண்டியானா. கடைசி இரண்டு நிமிடத்தில் நுழையும்போது பென் ஸ்டேட் 35, இண்டியானா 14. ஆட்டம் முடிந்த மாதிரிதான். பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ தன் முதல் வரிசை ஆட்டக்காரர்களை வெளியே அழைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிவிட்டார். வருஷம் முழுவதும் பயிற்சியில் அடி வாங்கியும், ஆட்டத்தில் கால் வைக்க வாய்ப்பில்லாத பையன்களுக்கு இப்படிப்பட்ட நிமிடங்கள்தான் கிடைக்கும்.

இண்டியானா ஒரு டச் டவுன் போட்டது. பிறகு ஆட்டத்தின் கடைசி எறிதலில் இன்னொன்றும் போட்டது. மொத்தம் 15 பாயிண்டு. முடிவு: 35-29.

மைதானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், இது நெருக்கமான ஆட்டமே அல்ல என்று. ஆனால் தூரத்து ஊரில் பேப்பரைப் பார்த்தவருக்கு 35-29 என்றால் ஆறு பாயிண்டு. "ஒரு டச் டவுனில் தப்பித்திருக்கிறார்கள்" என்று அர்த்தம். பயிற்சியாளர் பட்டியலிலும் முதலிடம் பறிபோனது. அதுவும் யார் ஓட்டினால்? மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்த பயிற்சியாளர்களின் ஓட்டினால்!

அதற்கு அடுத்த வாரம் இலினாய் அணியிடம் 0-21 என்று பின்தங்கி, பிறகு போராடி 35-31 என்று ஜெயித்தது பென் ஸ்டேட். இது உண்மையாகவே நெருக்கமான வெற்றி. பார்த்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள். ஆனால் சீட்டில் அதற்கு மதிப்பெண் கூடவில்லை.

இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கும் வழியில்லை. வருஷக் கடைசியில் "பவுல்" என்ற பெயரில் சிறப்பு ஆட்டங்கள் நடக்கும். எந்தக் கூட்டமைப்பின் சாம்பியன் எந்தப் பவுலில் ஆட வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டு. பென் ஸ்டேட் கலிபோர்னியாவின் ரோஸ் பவுலுக்கும், நெப்ராஸ்கா மியாமியின் ஆரஞ்சு பவுலுக்கும் போயின. பென் ஸ்டேட் ஓரிகனை 38-20 என்று வென்றது. நெப்ராஸ்கா மியாமியை 24-17 என்று வென்றது. இரண்டு பட்டியலிலும் நெப்ராஸ்காதான் சாம்பியன். தோல்வியே அறியாத இரண்டு அணிகள். பட்டம் ஒன்றுக்கு மட்டும்.

நெப்ராஸ்காவுக்கும் அதே கதி

1994-ல் ஓட்டினால் லாபம் அடைந்த நெப்ராஸ்கா, மூன்றே வருஷத்தில் அதே ஓட்டினால் நஷ்டமும் அடைந்தது.

1997 நவம்பர் 8. முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்கா, மிசௌரி மைதானத்தில் ஆடியது. சில வினாடிகளே பாக்கி. 31-38 என்று பின்தங்கி நின்றது. கடைசியாக எறிந்த பந்து ஒருவர் கையில் பட்டு விழப்போனது. விழுந்துகொண்டிருந்த அவருடைய காலில் பட்டு மேலே எழும்பியது. தரையைத் தொடுமுன் இன்னொரு நெப்ராஸ்கா வீரர் பாய்ந்து பிடித்துவிட்டார். டச் டவுன்! ஸ்கோர் சமம். கூடுதல் நேரத்தில் நெப்ராஸ்கா 45-38 என்று ஜெயித்தது.

அதே நாளில் மிச்சிகன் அணி, பலம் மிகுந்த பென் ஸ்டேட்டை 34-8 என்று வீழ்த்தியது. நிருபர் பட்டியல் வெளிவந்தபோது மிச்சிகன் முதலிடம். நெப்ராஸ்கா ஒன்றிலிருந்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. ஜெயித்து, இரண்டு படி இறக்கம்!

பிறகு நடந்தது வேடிக்கை. புத்தாண்டு ஆட்டத்தில் மிச்சிகன், வாஷிங்டன் மாநில அணியை 21-16 என்று ஐந்து பாயிண்டில்தான் வென்றது. மறுநாள் நெப்ராஸ்கா, டென்னசியை 42-17 என்று துவம்சம் செய்தது. நிருபர்கள் மிச்சிகனை மாற்றவில்லை. பயிற்சியாளர்களோ மிகக் குறைந்த வித்தியாசத்தில் நெப்ராஸ்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓய்வு பெறப்போகும் பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்னுக்கு அது கடைசி ஆட்டம். சக பயிற்சியாளர்கள் வழியனுப்புப் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்று மிச்சிகன் ரசிகர்கள் இன்றும் குறை சொல்வதுண்டு.

யாரிடம்? எப்போது?

நெருக்கமான வெற்றி என்றாலே தண்டனை என்றும் சொல்லிவிட முடியாது. எதிரி யார், நடந்தது எந்த மாதம், அந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்ப்பு.

1969 டிசம்பரில் முதலிடத்திலிருந்த டெக்சாஸ், இரண்டாமிடத்திலிருந்த ஆர்க்கன்சாவை 15-14 என்று ஒரே பாயிண்டில் வென்றது. யாரும் குறை சொல்லவில்லை. ஆட்டத்தை நேரில் பார்த்த ஜனாதிபதி நிக்சன், வீரர்கள் உடை மாற்றும் அறைக்கே போய், முதலிடத்துக்கான கேடயத்தை டெக்சாசுக்கு வழங்கினார். அந்த வருஷமும் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருந்த பென் ஸ்டேட் ரசிகர்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டுப் பெட்டியில் ஜனாதிபதியே கை வைத்துவிட்டார் என்றார்கள்.

1990-ல் கொலராடோ அணி, மிசௌரியை 33-31 என்று வென்ற கதை அதைவிடப் பெரிது. நான்கு வாய்ப்புக்குப் பதிலாக நடுவர்கள் எண்ணிக்கை தவறி ஐந்தாவது வாய்ப்புக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஐந்தாவதில்தான் கொலராடோ டச் டவுன் போட்டது! ஆனால் நடந்தது அக்டோபர் 6-ந் தேதி. வருஷக் கடைசிக்குள் சூடு ஆறிவிட்டது. ஆரஞ்சு பவுலில் நோட்டர் டேம் அணியை 10-9 என்று ஒரு பாயிண்டில் வென்ற கொலராடோவுக்கே நிருபர்கள் பட்டம் தந்தார்கள். தோல்வியே காணாத ஜார்ஜியா டெக் அணிக்குப் பயிற்சியாளர்கள் பட்டம் தந்தார்கள். அதுவும் ஒரே ஒரு பாயிண்டு வித்தியாசத்தில்.

1984-ல் பிரிகம் யங் பல்கலைக் கழகம் கடைசி ஆட்டத்தில் சுமாரான மிச்சிகன் அணியை 24-17 என்றுதான் வென்றது. அதன் எதிரிகள் பெரும்பாலும் எளியவர்கள் என்று முணுமுணுப்பு இருந்தது. ஆனால் தோல்வியே இல்லாத அணி அது ஒன்றுதான். மற்றவர்கள் வழுக்கி விழுந்ததால் பட்டம் அதற்கே போயிற்று.

ஆட்டம் தொடங்குமுன் இருக்கும் இடமும் முக்கியம். முதல் ஆட்டம் நடக்குமுன்பே, ஆகஸ்டு மாதத்தில் ஒரு பட்டியல் வந்துவிடும். 2004-ல் அந்தப் பட்டியலில் தெற்குக் கலிபோர்னியா 1, ஒக்லஹோமா 2, ஆபர்ன் 17. மூன்றுமே கடைசிவரை தோற்கவில்லை. பட்டத்துக்கான ஆட்டத்தில் மோதியது முதல் இரண்டும்தான். பின்னால் நின்று கிளம்பிய ஆபர்னுக்கு, எவ்வளவு ஓடியும் முன்னால் நின்றவர்களை எட்ட முடியவில்லை.

கடிகாரத்தை ஓட விட்டதன் விலை

அதே 2004-ல் இன்னொரு சம்பவம். கலிபோர்னியா பல்கலைக் கழகம் நான்காவது இடத்தில் இருந்தது. அந்த இடத்தைக் காப்பாற்றினால் ரோஸ் பவுலில் ஆடலாம். 1959-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆடும் பாக்கியம் அதற்குக் கிட்டவில்லை. அதுவரை தோற்றது ஒரே ஆட்டம். முதலிடத்திலிருந்த தெற்குக் கலிபோர்னியாவிடம் 17-23.

டிசம்பர் 4-ந் தேதி கடைசி ஆட்டம். தெற்கு மிசிசிப்பி அணியை 26-16 என்று ஜெயித்தது. முடிவில் இன்னொரு டச் டவுன் முயற்சிக்க நேரம் இருந்தது. பயிற்சியாளர் ஜெப் டெட்போர்டு, தோற்றுவிட்ட எதிரியை மேலும் அடிக்க வேண்டாம் என்று கடிகாரத்தை ஓட விட்டார்.

டெக்சாஸ் அணிக்கு அன்று ஆட்டமே இல்லை. ஆனால் அதன் பயிற்சியாளர் மாக் பிரவுன், தங்களுக்கு ஓட்டுப் போடும்படி பகிரங்கமாகக் கேட்டு வந்தார். கடைசிப் பட்டியல் வந்தபோது டெக்சாஸ் நான்காவது, கலிபோர்னியா ஐந்தாவது. ரோஸ் பவுல் டெக்சாசுக்குப் போயிற்று. ஜெயித்தவர் வீட்டில், ஆடாதவர் விருந்தில்!

இதனால் எழுந்த கூச்சல் சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. பட்டத்துக்கான கணக்கில் தன் பட்டியலைச் சேர்க்கக் கூடாது என்று அசோசியேட்டட் பிரஸ் விலகிக்கொண்டது. அதுவரை ரகசியமாக இருந்த பயிற்சியாளர்களின் கடைசிச் சீட்டு, 2005 முதல் பெயருடன் வெளியிடப்பட்டது.

இயந்திரத்துக்கும் அதே ஆசை

மனிதர்கள் ஓரவஞ்சனை செய்கிறார்கள், கம்ப்யூட்டர் செய்யாது என்று நம்பி, 1998-ல் ஓட்டையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து ஒரு புது முறை கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்குகளில் பலவற்றில் வெற்றியின் வித்தியாசமும் சேர்ந்திருந்தது.

விளைவு என்ன? எதிரி துவண்டுபோன பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டருக்கும் பிடிக்கும் என்று ஆயிற்று. இதைத் தடுக்க 2002 முதல் வித்தியாசத்தைக் கணக்கிலிருந்து அடியோடு நீக்கினார்கள். இயந்திரத்தின் கண்ணைக் கட்டியாயிற்று. ஆனால் ஓட்டுப் போடும் மனிதரின் கண்ணை யார் கட்டுவது?

2014-ல் ஓட்டும் கம்ப்யூட்டரும் போய் 13 பேர் கொண்ட கமிட்டி வந்தது. நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுள் போட்டி நடத்துவது புது ஏற்பாடு. ஸ்கோரைக் குவிப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்பது கமிட்டியின் விதிகளிலேயே உண்டு.

முதல் வருஷமே பரீட்சை. முந்தைய வருஷச் சாம்பியனான புளோரிடா மாநில அணி எல்லா ஆட்டத்திலும் ஜெயித்து வந்தது. ஆனால் பல ஆட்டங்களில் பின்தங்கி, கடைசியில் தப்பிப் பிழைத்தது. தன் கூட்டமைப்பின் பட்ட ஆட்டத்தில்கூட 37-35 என்றுதான் ஜெயித்தது. கமிட்டி அதை, ஓர் ஆட்டம் தோற்ற அணிகளுக்குக் கீழே வைத்தது. ஒரு கட்டத்தில் நான்காவது இடத்துக்கே இறக்கியது. ஸ்கோர் முக்கியமில்லை, ஆட்டத்தை எப்படிக் கையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம் என்று விளக்கம் தரப்பட்டது. வார்த்தை மாறியது, சங்கதி மாறவில்லை.

அதே டிசம்பர் 6-ந் தேதி ஒஹையோ மாநில அணி விஸ்கான்சினை 59-0 என்று வென்று ஐந்திலிருந்து நான்குக்கு ஏறியது. மூன்றாவது இடத்திலிருந்த டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக் கழகமும் அன்று 55-3 என்று ஜெயித்தது. ஆனால் ஆறாவது இடத்துக்கு விழுந்தது! எதிரியாக வாய்த்தது எளிய அயோவா மாநில அணி. நெருக்கமான வெற்றி மட்டுமல்ல, எளியவனை அடித்த பெரிய வெற்றியும் காப்பாற்றாது என்று அன்று தெரிந்தது.

குறைந்த வித்தியாசம் பலவீனமா?

ஓட்டளிப்பவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு டச் டவுனில் முடியும் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதில் வெற்றி தொங்கும். அடிக்கடி இப்படித் தப்பிக்கிறவர் ஒருநாள் மாட்டிக்கொள்வார் என்பது அவர்கள் வாதம். புளோரிடா மாநில அணி விஷயத்தில் அது பலித்தது. 2015 ஜனவரி 1-ந் தேதி ஓரிகனிடம் 20-59 என்று தோற்றது. நான்காவதாக உள்ளே வந்த ஒஹையோ, அந்த ஓரிகனை 42-20 என்று வென்று பட்டத்தைத் தட்டிச் சென்றது.

ஆனால் அதே ஒஹையோவின் 2002-ம் வருஷக் கதை நேர் எதிர். அந்த வருஷம் அது சின்சினாட்டியை 23-19, பர்டியூவை 10-6, பென் ஸ்டேட்டை 13-7, மிச்சிகனை 14-9 என்று, வாரந்தோறும் ரசிகர்களின் நெஞ்சைப் படபடக்க வைத்தே ஜெயித்தது. கடைசி ஆட்டத்தில் தொடர்ந்து 34 ஆட்டங்கள் ஜெயித்திருந்த மியாமியைச் சந்தித்தது. ஒஹையோவுக்கு நம்பிக்கை இல்லை என்றார்கள். இரண்டு கூடுதல் நேரம் ஆடி 31-24 என்று அதையும் நெருக்கமாகவே ஜெயித்துச் சாம்பியன் ஆனது. நெருக்கத்தில் பதறாமல் ஜெயிப்பதும் ஒரு திறமைதான் என்று அன்று ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒஹையோவுக்கு மைதானத்தில் இறங்கி நிரூபிக்க வாய்ப்புக் கிடைத்தது. 1994-ன் பென் ஸ்டேட்டுக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

பெஞ்சில் இருப்பவர்கள்

2023-ல் மறுபடியும் ஒரு புயல். எல்லா 13 ஆட்டங்களிலும் ஜெயித்த புளோரிடா மாநில அணி, முக்கிய வீரர் காயமடைந்த பிறகு 24-15, 16-6 என்று சிறிய வெற்றிகளுடன் முடித்தது. கமிட்டி அதை ஐந்தாவது இடத்தில் வைத்து வெளியே நிறுத்தியது. 2024-ல் நான்கு அணிகள் என்பதை 12 ஆக்கினார்கள். அந்த முதல் வருஷத்திலேயே, மிச்சிகனிடம் 10-13 என்று தோற்றிருந்த ஒஹையோ உள்ளே நுழைந்து சாம்பியன் ஆனது. பழைய ஓட்டு முறையில் நவம்பர் கடைசியில் அப்படித் தோற்றவர் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆக, கதவு முன்னைவிட அகலமாகியிருக்கிறது. தோற்காத அணி ஆறு பாயிண்டு வெற்றிக்காகப் பட்டத்தை இழக்கும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் 12 பேருக்குள் யார், யாருக்குச் சொந்த ஊரில் ஆட்டம் என்பதை இன்றும் தர வரிசைதான் தீர்மானிக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாவது இடங்களில் நிற்கும் அணிகளுக்கு ஒவ்வொரு பாயிண்டும் உயிர்.

இதில் பெரிய அணிகளின் பெருமை மட்டும் அடங்கியிருக்கவில்லை. ஒவ்வொரு அணியிலும் நாலு வருஷம் வியர்வை சிந்தியும், பத்து நிமிடம்கூட ஆடாமல் படிப்பு முடிந்து போகும் மாணவர்கள் பலர். அப்பா, அம்மா மைதானத்தில் உட்கார்ந்து, பையன் சட்டை நம்பரை ஒருமுறையாவது ஆட்டத்தில் பார்த்துவிட மாட்டோமா என்று காத்திருப்பார்கள். அணி 21 பாயிண்டு முந்தி நிற்கும் கடைசி நிமிடங்களில்தான் அவர்களுக்கு அழைப்பு வரும். அவர்கள் இறங்கி இரண்டு டச் டவுன் விட்டுக்கொடுத்தால் அணியின் பெயர் பட்டியலில் இறங்கும் என்ற பயம் இருந்தால், எந்தப் பயிற்சியாளர் அவர்களைக் கூப்பிடுவார்?

ஜெயித்துவிட்ட ஆட்டத்தில் எதிரியை மேலும் மிதிக்காமல் விடுவதும், பின்வரிசைப் பையனுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதும் விளையாட்டுக்கு அழகு. எந்தப் பட்டியல் அதைக் குற்றமாக எண்ணவில்லையோ, அதுவே நல்ல பட்டியல். அமெரிக்கர்கள் 1936 முதல் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் தேடல் முடியவில்லை.